ஐஸ் மாஸ்டர் தந்த ஒரு மணித்தியாலம்

ரஷ்யாவை வாளால் அறுத்து, உமி தூவி, சாக்கில் சுற்றி விற்ற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்தார். தாய் தகப்பன் அவருக்கு வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. அவருக்கே மறந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஊருக்கு அவர் ஐஸ் மாஸ்டர். எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்லர். மீன் இறக்கும் துறைக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் தொழிற்சாலையில் பாளம் பாளமாக ஐஸ் உறைய வைப்பதுதான் அவருடைய வேலை.

பாளங்களை அடுக்கி வைக்கும் அறையை அவர் தேசம் தேசமாகப் பிரித்து வைத்திருந்தார். கதவோரத்தில் சீக்கிரம் கசியும் வரிசை அவுஸ்திரேலியா. நடுவில் இங்கிலாந்து. அதற்குப் பின்னால் நோர்வே. கடைசியில் சுவரோடு ஒட்டிக்கிடந்து, கோடரி போட்டாலும் அசையாத வரிசை ரஷ்யா. துறைமுகம் முழுவதும் இந்தப் பூகோளத்தைப் பாடமாக்கியிருந்தது. சாம்பல்தீவுக்காரர்கள் வந்து, "மாஸ்டர், இண்டைக்கு அரை நோர்வே போதும், சூடை மீன் மட்டுந்தான் பட்டது" என்பார்கள். மூதூரிலிருந்து வள்ளத்தில் மீன் கொண்டுவரும் முஸ்லிம் காக்கா ஒருவர், "எனக்கு ரெண்டு இங்கிலாந்து தாங்க. ரஷ்யா வாணாம், உடைக்க ஏலாம கை நோகுது" என்பார். கொழும்புக்கு லொறியில் போன பாரை மீன்களெல்லாம் ரஷ்யாவில் படுத்துக்கொண்டுதான் போயின.

அந்த அறைக்குள் மாஸ்டர் ஒரு பெனியனும் சாரமுமாக, ஏதோ கோயில் வீதியில் காற்று வாங்குகிறவர் போல நடந்து திரிவார். வெளியே வந்தால்தான் வேஷம் மாறும். சித்திரை வெயிலில், தார் உருகும் றோட்டில், கம்பளிச் சட்டையும் கழுத்தைச் சுற்றி மப்ளருமாகப் போவார். கேட்டால், "உள்ளுக்கு ஒரு கரைச்சலும் இல்லை. வெளியிலதான் தடிமன் பிடிக்கிறது" என்பார்.

குளிர் தேசங்களைப் பற்றி ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவார்கள். அவர் போன ஆகக் குளிரான இடம் நுவரெலியா. அங்கே பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு தும்மல் தும்மி, அதே பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தவர். "அது ஒழுங்கில்லாத குளிர்" என்று ஒரே சொல்லில் மலைநாட்டை ஒதுக்கிவிட்டார். ஆனால் வெளிநாட்டுக்குப் புறப்படுகிற ஒவ்வொருவரும் முதலில் அவர் அறைக்குள் போய் இருந்துபார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒரு டொக்டர் போனார், ஒரு இஞ்சினியர் போனார், கப்பல் வேலைக்குப் போன இரண்டு பேர் போனார்கள். நானும் போனேன். என் கதை மற்றவர்களுடையதைப் போல இலேசாக முடியவில்லை.

அப்போது நான் தாதிப் பயிற்சி முடித்து ஆறு மாதம் ஆகியிருந்த புது மிஸ்ஸி. வெள்ளைத் தொப்பி தலையில் நிற்கவே இன்னும் பழகவில்லை. இங்கிலாந்தின் வடபக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்தது. ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். எனக்குப் போக ஆசை. எப்படிப்பட்ட ஆசையென்றால், பின்னேரங்களில் ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, கீழே உள்துறைமுகத்தில் ஒரு கப்பல் திரும்பினாலும் நானும் அதோடு சேர்ந்து திரும்புவேன். தண்ணீர் பொன்னிறமாகி, ஊதாவாகி, இருண்டு போகும் வரைக்கும் நான் எங்கேயோ போய்க்கொண்டிருப்பேன். அம்மா விளக்கைப் போட்டுக் கூப்பிட்டால்தான் திரும்பி வருவேன்.

ஒரே ஒரு கரைச்சல். எனக்குக் குளிர் ஆகாது. மாரி மழை தொடங்கினால் இரண்டு சட்டை போடுவேன். மின்விசிறிக்குக் கீழே இருந்தால் என் நகம் நீலமாகும். அப்பா காலமான பிறகு வீட்டில் எல்லாத் தீர்மானமும் அம்மாவினுடையது. அம்மாவுக்கும் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

"ஃபானுக்குக் கீழ இருக்க ஏலாத பிள்ளை, லண்டனில என்ன செய்யப் போகுது?" என்று அம்மா கேட்டா. அது லண்டன் இல்லை என்று நான் சொன்னது அவவின் காதில் ஏறவில்லை.

மீன் வாங்கப் போன இடத்தில் அம்மா ஐஸ் மாஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னா. மாஸ்டர் மப்ளரை இறுக்கிக்கொண்டு யோசித்தாராம்.

"அக்கா, என்ர அறையில ஒரு மணித்தியாலம் இருந்திட்டால் மிஸ்ஸி உலகத்தில எங்கயும் இருப்பா. இருக்க ஏலாட்டி அனுப்பாதேங்கோ."

"சரி தம்பி. ஒரு மணித்தியாலம் இருந்தால் போகட்டும். இல்லாட்டி என்னோட இஞ்சயே இருக்கட்டும்."

மூன்று வருடம் படித்து, பரீட்சை எழுதி, எலும்புகளின் பெயரெல்லாம் பாடமாக்கி வந்தவளின் எதிர்காலம் இப்படி ஒரு மீன்சந்தையில் இரண்டு பேரால் தீர்மானிக்கப்பட்டது. எனக்கு வந்த கோபத்தில் அன்று மீன் குழம்பு சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த நாள் பின்னேரமே அந்தத் தடித்த மரக்கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

முதல் தடவை நான்கு நிமிடம். வாயிலிருந்து புகை வருவதைக் கண்டு எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டதென்று ஓடி வந்துவிட்டேன். இரண்டாம் தடவை வீட்டில் இருந்த துணியெல்லாம் போட்டுக்கொண்டு போனேன். படித்த படிப்புச் சும்மா இருக்க விடுமா? முதலில் நடுக்கம், பிறகு நடுக்கம் நிற்கும், நின்றால்தான் ஆபத்து என்று புத்தகத்தில் இருந்தது. நடுக்கம் நின்றுவிட்டதா என்று பார்த்துப் பார்த்தே நடுங்கினேன்.

"மிஸ்ஸி, நாடியைப் பிடிச்சுக்கொண்டிருந்தால் குளிரத்தான் செய்யும். கையை விடுங்கோ" என்றார் மாஸ்டர்.

ஒன்பதாவது நிமிடம் வெளியே வந்துவிட்டேன். பதில் போட இன்னும் பத்து நாள் இருந்தது.

மூன்றாம் தடவை மாஸ்டர் என்னை ரஷ்யாவுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். அறையில் ஒரேயொரு மின்குமிழ். அதன் வெளிச்சம் பனிப்புகாருக்குள் கரைந்து, எது சுவர் எது பாளம் என்று தெரியாமல் இருந்தது. கடல் சத்தமும் உள்ளே வராது. மாஸ்டர் ஒரு பாளத்தை வாளால் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஓரமெல்லாம் கண்ணாடி. நடுவில் மட்டும் ஒரு வெள்ளை, மேகம் உள்ளே போய் அகப்பட்டுக்கொண்டது போல.

"பாத்தீங்களே? இருவது வருசமா ஐஸ் செய்யிறன். இந்த வெள்ளை போகுதில்லை. தண்ணியைக் காய்ச்சி வடிச்சும் பாத்தனான். தேவாரம் சொல்லிக்கொண்டு ஊத்தியும் பாத்தனான்."

"அது இருந்தால் என்ன, மாஸ்டர்? மீனுக்கு என்ன தெரியப் போகுது?"

"மீனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே." துண்டை மறுபக்கம் திருப்பிப் பிடித்தார். "அங்க கடவுள் செய்யிற ஐசிலயும் நடுவில இது இருக்குதோ? இருந்தால் அது ஐசின்ர குணம். இல்லாட்டி என்ர பிழை. போன எல்லாரிட்டயும் பாத்து எழுதச் சொன்னனான். ஒருதரும் எழுதேல்லை. டொக்டர் ஒரு பாலத்தின்ர படம் அனுப்பினவர். பாலத்தை வைச்சு நான் என்ன செய்யிறது?"

நான் எழுதுகிறேன் என்றேன். முதலில் போக வேண்டுமே என்றார். வெளியே வந்து பார்த்தால் பதினேழு நிமிடம் ஆகியிருந்தது. அதற்கு மேல் எத்தனை தரம் போயும் பதினேழைத் தாண்ட முடியவில்லை.

கடைசி நாள் அம்மாவும் வந்தா. தன் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டாவாம். மாஸ்டர் இரண்டு மீன்பெட்டிகளைக் கவிழ்த்து எங்களை நோர்வேயில் இருத்திவிட்டு, தன் எலாம் மணிக்கூட்டோடு வெளியே நின்றார். உள்ளே கொண்டுவந்தால் அது நின்றுவிடும் என்றார். கதவில் இருந்த சின்னக் கண்ணாடியில் அவருடைய மப்ளர் மட்டும் தெரிந்தது. அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு தொடங்கினா.

"மிளகாய்த்தூள் எத்தினை போத்தல் கொண்டு போறாய்?"

"ரெண்டு."

"காணாது. முழுகினால் தலையைத் துடைக்காமல் திரியிறனி, அங்க ஆர் துடைச்சு விடுவினம்? சாப்பாடு பிடிக்காட்டி என்ன செய்வாய்? காய்ச்சல் வந்தால் ஆரிட்டச் சொல்லுவாய்?"

"அம்மா, நான் போறதே ஆஸ்பத்திரிக்குத்தான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தவ அப்படியே அழுதா. பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினா. "என்ன பிள்ளை, உன்ர கை ஐஸ் மாதிரிக் கிடக்கு" என்றா. ஐஸ் அறைக்குள் இருந்துகொண்டு அப்படிச் சொன்னது எனக்கு அந்த நேரம் பகிடியாகப் படவில்லை. அவவை விட்டுவிட்டுப் போகப் போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாளங்களிலிருந்து எழும்பிய புகார் எங்களைச் சுற்றி மெல்ல மெல்ல அசைந்தது. எங்கேயோ மேலே, முகிலுக்குள் இரண்டு பேருமாகப் போய்க்கொண்டிருப்பது போல இருந்தது.

மணி அடித்தது. கதவு திறந்தது.

"ஒரு மணித்தியாலம் முடிஞ்சுது, அக்கா. மிஸ்ஸி பாஸ்."

அம்மா மாஸ்டரை ஒருதரம் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. "சரி. போகட்டும்" என்றா. அவ்வளவு நேரம் எப்படிப் போனதென்று எனக்குப் பெரிய ஆச்சரியம்.

மாஸ்டர் எனக்கு ஒரு சான்றிதழும் தந்தார். லொறியில் மீன் அனுப்பும்போது எழுதிக் கொடுக்கிற துண்டில்தான் எழுதியிருந்தார். "சரக்கு: மிஸ்ஸி ஒன்று. அனுப்பும் இடம்: இங்கிலாந்து. நிலை: பழுதில்லை." கீழே கையெழுத்துக்குப் பதிலாகத் தொழிற்சாலை முத்திரை. நான் புறப்பட்ட நாள் பஸ் நிலையத்துக்கு, வேர்த்து ஒழுக ஒழுக, மப்ளரோடு வந்தார். "வெள்ளையைப் பாத்து எழுதுங்கோ" என்றார்.

இங்கிலாந்தில் எனக்கு முதலில் வியர்த்தது. வார்ட்டுக்குள் சுடுதண்ணீர்க் குழாய்களை ஓடவிட்டு, யன்னல்களை இறுக்கிச் சாத்தி, சித்திரை மாதத்தையே உள்ளே பிடித்து வைத்திருந்தார்கள். மாஸ்டருடைய பயிற்சி ஒரு சதத்துக்கும் உதவவில்லை. பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிடுவதற்கு அவர் பயிற்சி தரவில்லை. வேலை முடிந்து அறைக்கு வந்தால் கதைக்க ஆள் இல்லாமல் இருப்பதற்கும் தரவில்லை. இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு அம்மாவுக்கு எழுதினேன்: "எனக்கு ஏலாது அம்மா, நான் வாறன்."

பதில் நீல எயார் மெயிலில் வந்தது.

"வாறதெண்டால் வா, கதவு திறந்துதான் கிடக்கு. ஆனால் ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு ஐஸ் அறையில ஒரு மணித்தியாலம் இல்லை, பிள்ளை. இருவத்திரெண்டு நிமிசம். அப்பான்ர கைமணிக்கூடு என்ர கைக்குள்ளதான் இருந்தது. மாஸ்டர் வேணுமெண்டுதான் முந்தி மணி அடிச்சவர். நானும் வேணுமெண்டுதான் பேசாமல் வந்தனான். மிச்சம் முப்பத்தெட்டு நிமிசம் கிடக்கு. அதை அங்க இருந்து முடிச்சிட்டு வா."

வெள்ளையைப் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டுமென்று மணி அடித்தாரோ, கண்ணாடியால் எங்கள் கைகளைப் பார்த்துவிட்டு அடித்தாரோ, அது எனக்கு இன்றுவரை தெரியாது. கடிதத்தை மடித்துக்கொண்டு வார்ட்டின் பின்பக்கப் படிக்கு வந்தேன். நிலம் கழுவுகிறவர்கள் மறந்து விட்டுப்போன வாளி ஒன்று, தண்ணீரோடு முழுதாக உறைந்து கிடந்தது. அதைக் கவிழ்த்துத் தட்டினேன். வாளியின் வடிவத்திலேயே ஒரு பாளம் வந்து விழுந்து இரண்டாக உடைந்தது. ஒரு துண்டைத் தூக்கி, அந்த நாட்டின் மங்கல் வெயிலுக்கு எதிரே பிடித்தேன். ஓரமெல்லாம் கண்ணாடி. நடுவில் அதே வெள்ளை. விரல் மரத்துப் போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அன்றே எழுதினேன்: "மாஸ்டர், இருக்குது. உங்களில ஒரு பிழையும் இல்லை."

அந்தக் கடிதத்தை மாஸ்டர் துறையில் மீன் வாங்க வந்த எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாராம். "கடவுளும் நானும் ஒரே மாதிரித்தான் செய்யிறம்" என்று ஒரு கிழமை முழுக்கச் சொல்லித் திரிந்தாராம். மூதூர்க் காக்கா மட்டும், "அப்பிடியெண்டா அவரையும் ரஷ்யாவக் கொஞ்சம் மிருதுவாச் செய்யச் சொல்லுங்க" என்றாராம். இதெல்லாம் அம்மா எழுதியது.

நான் திரும்பிப் போகவில்லை. பிறகு அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டேன், அவ வந்த முதல் நாளே வார்ட் சூட்டைப் பார்த்து, "இதுக்கே அந்தப் பாடு பட்டனாங்கள்?" என்று கேட்டா. மாஸ்டர் தந்த சான்றிதழ்த் துண்டு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. எழுத்து மங்கிவிட்டது, முத்திரை போய்விட்டது, கடைசி வரியை மட்டும் வாசிக்கலாம். சில குளிர்காலப் பின்னேரங்களில், என்னைப் பற்றி எனக்கே சந்தேகம் வரும்போது, எடுத்துப் பார்ப்பேன். பழுதில்லை என்று எழுதியிருக்கிறது. மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.