வாளி சாரும் ஆயுத பூசை கண்ட மீன்தொட்டியும்

மூன்று தங்கமீன்கள் என்னால் செத்தன. அது தெரியாமல் செய்த தப்பு. அந்தப் பழியை ஒரு நல்ல மனிதர் தலையில் தூக்கிப் போட்டேன். அது தெரிந்தே செய்தது. இரண்டாவதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் வாளி சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தண்ணீரை அவரைப் போலச் சந்தேகப்பட்ட மனிதர் மதுரையில் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் எங்களுக்குக் கண்காணிப்பாளர். அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நான்கு தங்கமீன்கள். வராந்தாவில் வரிசையாக வாளிகள். குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைத்து, குளோரின் போன பிறகுதான் தொட்டியில் ஊற்றுவார். அதுவும் பழைய தண்ணீரில் கொஞ்சத்தை மட்டும் எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கு மட்டும். ஊற்றுவதற்கு முன் மூக்கை வாளிக்குள் விட்டு மோந்து பார்ப்பார். பின்னால் நின்று பார்த்தால் யாரோ வாந்தி எடுப்பதைப் போல இருக்கும்.

சமயநல்லூரிலிருந்து மனு கொடுக்க வந்த ஒரு பெரியவர், வருகிறவர்கள் கால் கழுவத்தான் வாளிகள் இருக்கின்றன என்று நம்பி, மரியாதையாகக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். வாளி சார் கோபப்படவில்லை. எந்த வாளி என்று மட்டும் கேட்டு, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்து மனுவை வாங்கினார். பெரியவரின் வேலை அன்றே முடிந்தது. அதன் பிறகு சமயநல்லூர்க்காரர்கள் யார் வந்தாலும் முதலில் காலைத்தான் கழுவினார்கள்.

யாராவது தொட்டிக்குள் பன்னைப் பிய்த்துப் போடப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். "அதுக்குப் பசிக்கல. உங்களுக்குத்தான் போட ஆசை." மீன் தின்றதில் பெரும்பகுதி கழிவாகிவிடும், மிஞ்சின தீனியும் கழிவும் தண்ணீரை விஷமாக்கும், அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வடிகட்டியின் ஸ்பாஞ்சில் குடியிருக்கின்றன என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். "மீனை எவன் வேணாலும் வளர்ப்பான். நான் தண்ணியை வளர்க்கிறேன்" என்பார். எங்களில் பாதிப் பேருக்கு அது புரியவில்லை. மீதிப் பேர் கேட்கவில்லை. நான் எம்.ஏ. படித்தவன் என்பதால் கேட்டுவிட்டு மறந்தேன்.

மின்சாரம் போனால் காற்று மோட்டார் நின்றுவிடும். அப்போது வாளி சார் நாற்காலி மேல் ஏறி, தொட்டித் தண்ணீரைச் செம்பில் மொண்டு, டீ மாஸ்டர் ஆற்றுவதைப் போல உயரத்திலிருந்து மறுபடி தொட்டிக்குள் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒரு முறை மேலதிகாரி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்துவிட்டார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "மூச்சு விட ஒத்தாசை பண்றேன் சார்" என்று நாற்காலியில் நின்றபடியே பதில் சொன்னார். ஊற்றுவதை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் அவர் கீழவாசல் பக்கம் ஒரு சந்துக்குப் போவார். அங்கே வண்ணமீன் கடை வைத்திருந்த பாய்தான் அவருடைய ஒரே நண்பர். கவிழ்த்துப் போட்ட டப்களில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் தேர்தலைப் பேசுவதைப் போல இருவரும் தண்ணீரைப் பேசுவார்கள். அவர்கள் சண்டை போட்டுக்கொள்வதை ஒரு நாள் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த வருடம் ஐப்பசியில் வந்த ஆயுத பூசைக்கு வாளி சார் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். தொட்டியை என்னிடம் ஒப்படைத்து, எதையும் தொட வேண்டாம், தீனிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் அரசு அலுவலகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வருடம் முழுக்கத் தூசி தட்டாதவர்கள் அன்றைக்கு ஜன்னல் கம்பியைக்கூடத் துடைப்பார்கள். பீரோ, தட்டச்சு இயந்திரம், ஜீப் எல்லாம் பளபளத்தன. தொட்டி மட்டும் பாசி பிடித்து நின்றது. அதுவும் ஆயுதம்தானே என்றார் ஒருவர். எனக்கும் அது சரியென்றே பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே தலைமை ஏற்றேன். மீன்களை ஒரு குடத்தில் விட்டோம். தொட்டித் தண்ணீர் முழுவதையும் சாக்கடையில் கொட்டினோம். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். வழவழவென்று இருந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினேன். வாளித் தண்ணீர் போதாது என்று குழாயிலிருந்தே நேராகப் பிடித்து நிரப்பினோம். மழைக்காலம் என்பதால் தண்ணீரில் குளோரின் மருந்து தூக்கலாக இருந்தது. கண்ணாடியில் சந்தனம், குங்குமம் வைத்தோம். மீன்களுக்கும் பூசை சேரட்டும் என்று தொட்டிக்குள்ளும் கொஞ்சம் சந்தனம் கரைத்தோம். பொரியும் போட்டோம். தொட்டி அவ்வளவு அழகாக அதற்கு முன் இருந்ததே இல்லை.

விடுமுறை முடிந்து முதல் ஆளாக நான்தான் வந்தேன். மூன்று மீன்கள் மிதந்தன. ஒன்று மட்டும் மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது பாய் கடையிலிருந்து புதிதாக வந்த மீன். அவசரமாகப் பொட்டுகளைத் துடைத்தேன், பொரியை அள்ளினேன், வராந்தா வாளிகளில் இருந்த தண்ணீரை மாற்றி ஊற்றினேன். வேர்த்து நின்றுகொண்டிருந்தபோது வாளி சார் வந்தார்.

அவர் திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்று வரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர் திட்டவில்லை. தொட்டி முன்னால் குனிந்து நின்று, என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டார். என் வாயிலிருந்து இது வந்தது:

"பாய் குடுத்த புது மீன் வந்ததுலேர்ந்தே ஒரு மாதிரி இருந்துச்சு சார். நோயைக் கொண்டாந்து ஒட்ட வச்சிருச்சு."

குற்றம் சாட்டப்பட்ட மீன் மட்டும் உயிரோடு இருந்ததே அதற்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மீன்கள் செத்த பிறகு நான் கழுவியதால்தான் கண்ணாடி பளபளக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்; கூடக் கழுவியவர்கள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. செத்த மூன்றையும் வாளி சார் டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு கீழவாசலுக்குப் போனார்.  பிழைத்த மீனை வீட்டுக்கு எடுத்துப் போனார். தொட்டி காலியானது. வராந்தாவில் வாளிகள் காணாமல் போயின. சனிக்கிழமைகளில் மாலை முழுவதும் அலுவலகத்திலேயே உட்கார்ந்து கோப்புகளைப் பார்த்தார். எங்களாலும் எழுந்து போக முடியவில்லை.

ஒரு நாள் கீழவாசலில் பாய் என்னைப் பார்த்துவிட்டார். "சார் நல்லா இருக்காராண்ணே?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். மேலே ஏதாவது சொல்வேன் என்று சற்று நேரம் நின்றார். நான் பஸ் வந்துவிட்டதாகச் சொல்லி ஓடினேன். பஸ் எதுவும் வரவில்லை.

அடுத்த வருடம் வாளி சார் ஓய்வு பெற்றார். எம்.ஏ. என்பதால் வாழ்த்துரை எனக்கு. நல்ல சொற்களாகத் தேர்ந்து தயார் செய்து வைத்திருந்தேன். மைக் முன்னால் நின்றதும், ரோஜா மாலைக்குள் சின்னதாகத் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்தேன். தயார் செய்தது ஒன்றும் வரவில்லை. "சார், மீனைக் கொன்னது நான்தான். பாய் மேல பொய் சொன்னேன்" என்றேன். மைக் நன்றாக வேலை செய்தது.

 வாளி சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்:

"ஸ்பாஞ்சை எதுல கழுவுனீங்க?"

"குழாய்ல சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மீன்கள் செத்தபோதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு வலியை நான் பார்த்ததில்லை. பிறகு மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். கேசரி அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. "வண்டில ஏறுங்க" என்றார் என்னிடம். கோரிப்பாளையம் தாண்டி, பாலம் தாண்டி, கீழவாசலில்தான் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

பாய் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. செவுளைத் தூக்கிப் பாத்தேன், உள்ளாற சந்தனம். ஆயுத பூசைக்கு மீனைக் குளிப்பாட்டியிருக்காய்ங்கன்னு புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் பாய் சொல்லல?" என்றார் வாளி சார்.

"நீங்க எங்க கேட்டீங்க? டப்பாவை வச்சீங்க, நோய் மீனைக் குடுத்துட்டீங்களேன்னீங்க, போயிட்டீங்க. என்ன ஆச்சு பாய்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

 வாளி சார் ஒரு டப்பைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பக் கேக்குறேன். என்ன ஆச்சு பாய்?"

பாய் வேறு பக்கம் திரும்பி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு டப்பைத் தேடி எடுத்து எதிரில் போட்டார். "அதை அண்ணன் வாயால கேப்போம். மொதல்லேர்ந்து சொல்லுங்கண்ணே" என்றார். பொரி போட்ட இடம் வந்தபோது இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு வருடமாக நெஞ்சில் இருந்த கல் எனக்கு அந்தச் சிரிப்பில்தான் இறங்கியது.

பிராயச்சித்தமாக நான்கு மீன் வாங்கித் தருகிறேன் என்றேன். பாய் எனக்கு மீன் விற்க மறுத்துவிட்டார். தொட்டி மட்டும் கொடுத்தார். கூடவே, தன் கடை ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றித் தந்தார். அதைத் தொட்டியில் விட்டு, அவர் சொல்கிறபடி தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, தண்ணீர் பக்குவமாகும் வரை மோட்டாரை ஓட்ட வேண்டும் என்பது தண்டனை. "மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி எதுக்கு?" என்று என் மனைவி கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு என்றேன். அவள் என் தங்கைக்குப் போன் செய்து, அண்ணனை ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ஓட்டி வந்தவர் வாளி சார். பின்னால் பாய், மடியில் மூடி போட்ட ஒரு வாளி. வாளி சார் மகளைப் பார்க்க வடக்கே போகிறாராம், வர மாதங்கள் ஆகுமாம். வாளிக்குள் அன்று பிழைத்த அந்த மீன் இருந்தது. நன்றாகப் பெருத்திருந்தது.

"பாய்கிட்ட விடலாமே சார்" என்றேன். 

வாளி சார் என் தொட்டிக்குள் மூக்கை விட்டு மோந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்து, வாளியை என் கையில் கொடுத்தார். பாய்தான் பதற்றமாகத் தொடங்கினார், "அண்ணே, தண்ணி மாத்தும்போது மட்டும்..."

"சும்மா இருங்க பாய்," என்றார் வாளி சார். "அவருக்குத் தெரியும்."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் வரை வாளியைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.