டாக்டரைக் கட்ட மறந்தோம்

ஒரு டாக்டரின் கையை உடைத்தவன் நான். அதுவும் அவருக்கு விருது கொடுக்கிற நாளில். அதுவும் மரியாதை செய்யப் போய்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆறாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பட்டு நூலுக்குச் சாயம் போடுவது தொழில். இதை எழுதுவதுகூட என் பெண் சொல்லித்தான். (அவள் ஒன்று சொன்னால் முடியும் வரை விடமாட்டாள்.)

எங்கள் ஊர் காஞ்சிபுரம் பக்கம், ஐயம்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்போது பஸ் கிடையாது. ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு. அதில் டாக்டர் தனசேகர் இருந்தார். வருகிற டாக்டர்கள் எல்லாம் வந்த சூட்டோடு மாற்றல் வாங்கிக்கொண்டு போகிற ஊர். இவர் மட்டும் போகவில்லை. வருஷக்கணக்காக இருந்தார். பாம்புக்கடி, பிரசவம், தறிக்குழியில் கால் பிசகியவன், எல்லாம் அவர்தான் பார்த்தார். தன்னால் முடியாததைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அனுப்புவார் என்றால், நாங்கள் தூக்கிக்கொண்டு போவோம். கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, மெயின் ரோடு வரை.

தூக்குவது எங்களுக்குப் புதிதில்லை. ஊர்ப் பெருமாள் கோயிலில் கருட வாகனம் தூக்குகிற எட்டுப் பேரில் நான் ஒருவன். முன்வரிசை. நான் 'கோவிந்தா' என்று குரல் கொடுத்தால் எட்டுத் தோளும் ஒன்றாக எழும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஊரில் என்னை ஆள் என்று மதித்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சங்கத்திலிருந்து தகவல் வந்தது. கிராமத்தில் நல்ல வேலை செய்கிற டாக்டர்களுக்கு விருது கொடுக்கிற சங்கம். எங்கள் டாக்டருக்கு விருது. அதோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆம்புலன்ஸ். காஞ்சிபுரத்தில் கல்யாண மண்டபம் ஒன்றில் சாயங்காலம் விழா. டாக்டர் நேரில் வந்து சாவி வாங்க வேண்டும். வராவிட்டால் வண்டி வேறு ஊருக்குப் போய்விடும்.

விருது அவருக்கு. வண்டி எங்களுக்கு. ஊரே தலைக்குக் குளித்தது.

முனுசாமிதான் ஆரம்பித்தான். வாகனத்தில் எனக்குப் பக்கத்துத் தோள் அவன்.

"விருது வாங்கப் போற மனுசன் மொபெட்ல போனா ஊருக்கு இன்னா மரியாதைபா? மெயின் ரோடு வரைக்கும் நாம தூக்கினு போலாம்."

"ஒத்துக்குவாரா?" என்றேன்.

"கேட்டாதான மாட்டேம்பாரு. கேக்காத."

கோயிலில் இருந்து வாகனத் தண்டுகளை எடுத்து வந்தோம். தோளில் வைக்கிற நீள மரங்கள் அவை. ஆஸ்பத்திரியில் கை வைத்த இரும்பு நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதைத் தண்டுகளின் மேல் வைத்துக் கட்டினோம். டாக்டர் புது வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தார்.

"என்ன கோதண்டம் இது?" என்று என்னைக் கேட்டார்.

"உக்காருங்க சார்."

"நான் மொபெட்லயே போயிடறேன்பா."

"ஊர் ஆசைப்படுது சார்."

"விழுந்துட மாட்டேனே?"

முனுசாமி சிரித்தான். "சார், பெருமாளே எங்க தோள்லேர்ந்து விழுந்ததில்ல."

அது உண்மை. ஆனால் பெருமாளைக் கயிறு போட்டுக் கட்டியிருப்போம். முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு. நாற்காலியையும் அப்படித்தான் கட்டினோம். அந்தக் கட்டில் யாரும் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்தவரைத்தான் கட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. கருட வாகனம் கனம். எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்து எழுந்தால்தான் தரையை விட்டுக் கிளம்பும். டாக்டர் ஒல்லி. (மழைக்காலத்தில் குடை பிடிக்காமலே நனையாமல் வருவார் என்று முனுசாமி சொல்வான்.) நோயாளியைத் தூக்கும்போது பதமாகத்தான் தூக்குவோம். ஆனால் இது மரியாதை. மரியாதை என்றால் எங்களுக்குப் பெருமாள் கணக்கு ஒன்றுதான் தெரியும்.

மேளம் ஆரம்பித்தது. நான் குரல் கொடுத்தேன்.

"கோவிந்தா."

எழுந்தோம். நாற்காலி எங்களோடு வந்தது. டாக்டர் வரவில்லை. அவர் அதற்கும் மேலே போய்க்கொண்டிருந்தார். புதுச் சட்டை காற்றில் விரிந்ததைப் பார்த்தேன். திரும்பி வருகையில் அவருக்கு நாற்காலி கிடைக்கவில்லை.

தெருவில் ஒரு சத்தம் இல்லை. நாதஸ்வரக்காரர் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவர்.

டாக்டர் சேற்றில் உட்கார்ந்து தன் வலது மணிக்கட்டை இடது கையால் தொட்டுப் பார்த்தார்.

"உடைஞ்சிருக்கு," என்றார். யாரோ நோயாளிக்குச் சொல்வது போல.

"சார்..."

"பேசாதே."

(என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.)

உள்ளேயிருந்து நர்சம்மா ஓடி வந்தார். "எவன்யா குரல் குடுத்தது?"

ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நர்சம்மா அட்டை வைத்துக் கட்டுப் போட்டார். புதுச் சட்டையைக் கத்தரித்து எடுத்தார். வலிக்கு ஊசி போட்டார். "தூக்கம் வரும் சார். விழா கிழான்னு கெளம்பாதீங்க."

"நான் போகலன்னா வண்டி போயிடும் சிஸ்டர்."

முனுசாமி தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அதில் இரண்டு டாக்டர் நுழையலாம். மெயின் ரோடு வரை அவர் நடந்தே போனார். நாங்கள் பின்னால் நடந்தோம். தூக்கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் டாக்டர், நான், பனியனோடு முனுசாமி. ஆட்டோவிலேயே டாக்டருக்குக் கண் சொருகியது.

"கோதண்டம், பேர் சொன்னா எழுப்பி மேடைக்குக் கூட்டிட்டுப் போ. என்னால வாங்க முடியாது. நீ கை நீட்டி வாங்கிக்க."

"சரி சார்."

மண்டபத்தில் எங்கே பார்த்தாலும் டாக்டர்கள். இவரை அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஊரை விட்டு நகர்ந்திருந்தால்தானே தெரியும். பேர் சொன்னார்கள். நான் அவரை அணைத்துப் பிடித்து மேடை ஏற்றினேன்.

இப்போது யோசித்தால் தப்பு யார் மேலும் இல்லை. என்னைப் பாருங்கள். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், நெற்றியில் நாமம், வாகனம் தூக்குகிற உடம்பு. அவரைப் பாருங்கள். தொளதொள சட்டை, கையில் கட்டு, அரைத்தூக்கம், தலையில் காய்ந்த சேறு.

சென்னையிலிருந்து வந்த பெரிய மனிதர்தான் விருது கொடுப்பவர். வயதானவர். தடித்த கண்ணாடி. நேராக வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. வாய் திறக்கவில்லை.

அவர் மைக்கில் சொன்னார். "பாருங்கள். நோயாளியைத் தனியே விட மனமில்லாமல் மேடைக்கே அழைத்து வந்திருக்கிறார். இதல்லவா கிராம மருத்துவம்."

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. அவர் என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். முழங்கை வரை அரக்குச் சாயம். "மருந்துக் கறைகூடப் போகவில்லை," என்றார். இன்னும் தட்டினார்கள்.

"டாக்டர், கிராமத்து வேலையில் எது கஷ்டம்?"

மைக்கை என் வாயருகே வைத்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"தோள் வலிங்க."

"ஆகா. எவ்வளவு அடக்கம்." டாக்டரைக் காட்டினார். "இவருக்கு என்ன ஆச்சு?"

"கை ஒடஞ்சிடுச்சுங்க."

"எப்படி?"

எனக்குப் பொய் வராது.

"நாங்கதான் கீழ போட்டுட்டோம்."

கை தட்டல் நின்றது. இத்தனை டாக்டர்கள் ஒரே சமயத்தில் வாயை மூடி நான் பார்த்ததில்லை. பெரிய மனிதர் ஒரு கையில் வண்டிச் சாவியை எடுத்திருந்தார். அதை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கீழே போட்டீர்களா?"

"ஆமாங்க. தூக்கறப்போ."

சாவி அவர் சட்டைப் பையை நோக்கிப் போனது. எனக்கு ஊர் கண்ணில் வந்தது. கட்டிலில் படுத்துப் போனவர்கள் வந்தார்கள். ஒரே ஒரு வார்த்தையாவது சொல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வந்தது எனக்குத் தெரிந்த வார்த்தைதான்.

"கோவிந்தா," என்றேன். மைக்கில்.

அதில் டாக்டர் விழித்துக்கொண்டார். விழித்ததும் பக்கத்தில் இருந்த மேசையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தார். சாவி போகிற திசையைப் பார்த்தார்.

"சார், நான்தான் தனசேகர். இவர் எங்க ஊர்க்காரர்."

பெரிய மனிதர் நம்பவில்லை. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கடைசி வரிசையில் முனுசாமி பனியனோடு எழுந்தான்.

"அய்யா, ஒடஞ்சிருக்கறவருதான் டாக்டரு. ஒடச்சது எங்காளு."

அப்புறம் மண்டபம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நான் எழுத மாட்டேன்.

டாக்டர் இடது கையால் சாவி வாங்கினார். இடது கைக்கு மன்னிப்பும் கேட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"வண்டிக்கு நன்றி," என்றார். "இனிமே எங்க ஊர்ல யாரையும் தூக்க வேண்டியதில்ல. அது ரெண்டு பக்கத்துக்கும் நல்லது."

வண்டி வந்தது. டாக்டரின் கை சரியாகும் வரை ஊசி எல்லாம் நர்சம்மாதான் போட்டார். ஊரில் யாரும் அதற்கு வருத்தப்படவில்லை. பேப்பரில் போட்டோ வந்தது. பொன்னாடையோடு நான், பக்கத்தில் கட்டோடு அவர். கீழே என்னை டாக்டர் என்று போட்டிருந்தார்கள். டாக்டரே அதைக் கத்தரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "உன் போட்டோ நல்லா வந்திருக்கு," என்றார். என் மனைவி கன்னியம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள்.

போன வருஷம் என் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவராக வாங்கிக் கொஞ்சினார்கள். என் முறை வந்தது. கை நீட்டினேன். குழந்தையை என் பெண் கொடுக்கவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

கன்னியம்மா தரையில் பாய் விரித்தாள். சுற்றிலும் தலையணை வைத்தாள்.

"மொதல்ல உக்காருய்யா."

உட்கார்ந்தேன்.