நாலு ஜன்னலுக்கு நாலு கலர்

தஞ்சாவூர் வெயிலை மடக்கிப் பிடித்து விசாரணை நடத்திய ஒரே மனுஷன் எங்கள் ஆபீஸ் யூனிட் சார்தான். வேறு எவனுக்கும் அந்தத் திமிர் கிடையாது.

ஃபேன் சுற்றினாலே மீட்டரைப் போய்ப் பார்ப்பவர். அதனால் அந்தப் பெயர். அவர் எலெக்ட்ரிக் கார் வாங்கினார். மன்னார்குடி ஆபீசுக்குத் தினமும் அதில்தான் இருவரும் போய்வந்தோம். ஏசி போட்டால் சார்ஜ் இறங்குகிறது என்று அவருக்கு வயிறு எரிந்தது. ஜன்னலுக்கு வெயில் தடுக்கும் பிலிம் ஒட்டக் கடைக்குப் போனோம்.

"கருப்பு வேண்டாம் சார், போலீஸ் பிடிப்பாங்க. லேசான கலர்ல நாலு தினுசு இருக்கு. எதை ஒட்டட்டும்?" என்றார் கடைக்காரர்.

"நாலையும் ஒட்டுங்க. நாலு ஜன்னல் இருக்குல்ல?"

பச்சை, நீலம், தங்கம், சாம்பல். அதோடு விட்டாரா? ஜன்னலுக்கு ஒரு முழம் கதம்பம் வாங்கி உள்பக்கமாகத் தொங்கவிட்டார். எந்தப் பக்கத்துப் பூ கடைசியாக வாடுகிறதோ அந்தப் பிலிம்தான் நல்ல பிலிமாம்.

வடுவூர் டீக்கடையில் ஒரு பெரியவர் எங்கள் வண்டியைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். எனக்கு மானம் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"பாவம், செத்தது சொந்த அப்பா போலிருக்கு," என்றார் பக்கத்தில் நின்றவர்.

இதையெல்லாம் பொறுத்தேன். என் பெண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. "இனிமே எவன் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்" என்றவளைக் கெஞ்சி, இதுதான் கடைசி என்று சம்மதிக்க வைத்திருந்தேன். ஸ்டேஷனிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா அம்மாவை அழைத்துவரச் சொல்லியிருந்த வாடகைக் கார்க்காரன் கடைசி நேரத்தில் காலை வாரினான். யூனிட் சாரை விட்டால் நாதியில்லை.

"பூவைக் கழட்டிட்டு வாங்க சார், புண்ணியமாப் போகும்."

"நல்ல காரியத்துக்கு வாடின பூவோட வருவேனா?" என்று புதுக் கதம்பம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஸ்டேஷனில் அவர்கள் பின்னால் ஏறினார்கள், நான் முன்னால். வண்டி கிளம்பியது. யூனிட் சார் ஏசியை அணைத்தார்.

"அம்மா, எங்க உடம்பு பழகிடுச்சு. புது ஆளுங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். நீலப் பக்கம் எப்படி இருக்கு? ஐயா, உங்களுக்குத் தங்கம்... சுடுதா?"

அந்த அம்மாவின் நெற்றியில் குங்குமம் கரைந்து மூக்குக்கு வந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"யோவ்! அறிவிருக்கா உமக்கு? ஏசியப் போடும்யா!"

போட்டார். வீடு வந்து இறங்கினோம். சம்பந்தம் போச்சு என்று முடிவு கட்டினேன். பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

பஜ்ஜியும் காபியும் ஆனபோது மாப்பிள்ளையின் அப்பாவைக் காணவில்லை. வெளியே ஓடினேன். அவரும் யூனிட் சாரும் கொதிக்கிற வெயிலில் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, புறங்கையால் ஒவ்வொரு கண்ணாடியாகத் தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தங்கம் வெறும் பகட்டு சார், சாம்பல்தான் நிக்கும்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"விடுங்க, எங்க வீட்டுலயும் இதே கேஸ்தான்," என்று என் பெண்ணோடு வாசலுக்கு வந்த அந்த அம்மா அவள் தோளில் கை போட்டுச் சிரித்தார். "மழை பெஞ்சா எவ்வளவு ரொம்புதுன்னு குடத்தை வச்சிட்டு நனைவாரு. நீ வந்துதான் குடை பிடிக்கணும்."

என் பெண் சிரித்தாள். எத்தனையோ நாளாயிற்று அவள் சிரித்து.

மறுநாள் யூனிட் சார் வழக்கம்போல வந்து நின்றார். என் பக்கத்து ஜன்னல் சாம்பல் பிலிமுக்கு மாறியிருந்தது.

"போறப்பவும் வர்றப்பவும் வெயில் உங்க மேலதான் அடிக்குது. அதுக்குத்தான்யா இத்தனை கூத்தும். ஏறுங்க."

மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தவன் ஏறி உட்கார்ந்தேன். கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டாரை அழைத்துவர நான் வேறு எந்த வண்டிக்கும் சொல்லவில்லை.