ஒரு முறம் தவிடு

"ஷிப்டு முடிஞ்சு வந்தா என்னைத்தானே மொதல்ல தூக்குவே? இப்ப இன்னா அவனைத் தூக்கறே?"

தாயம்மாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. அப்பா வேலை பார்க்கும் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த வருஷம்தான் இந்தத் தம்பியும் வந்து சேர்ந்தான். அப்பாவின் தோள் போச்சு, அம்மாவின் மடி போச்சு. எட்டு வயசுக்காரி எவ்வளவுதான் பொறுப்பாள், பாவம்!

மகளைச் சமாதானப்படுத்தக் காத்தவராயன் ஒரு கதையை அவிழ்த்துவிட்டார்.

"அட, இவனை அடுத்த லைன் மங்கம்மாகிட்ட ஒரு மொறம் தவிட்டுக்கு வாங்கினோம். நீதாண்டி நாங்க பெத்த புள்ள!"

அவர் விளையாட்டாகச் சொன்னார். இவள் அப்படியே நம்பிவிட்டாள். வாங்கினதைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது!

மறுநாள் அம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அடுத்த லைன் வீடுகளில் இருந்த மங்கம்மாவிடம் போனாள்.

"அத்தை, இந்தா உன் புள்ள. எங்க தவிட்டைக் குடு."

மங்கம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "ஏண்டி, ரொம்ப அழுவுறானா?"

"ராத்திரி பூரா!"

மங்கம்மா ஒரு முறம் தவிட்டை அள்ளிக் கொடுத்தாள்.

தாயம்மா வெற்றியோடு வீட்டுக்கு வந்து முறத்தை வாசலில் வைத்தாள். குடத்தோடு அம்மாவும் வந்து சேர்ந்தாள்.

"புள்ள எங்கடி?"

"திருப்பிக் குடுத்துட்டேன். தவிடு வந்துடுச்சு."

குடம் விழுந்தது. அம்மா போட்ட கூச்சலில் லைனே கூடிவிட்டது. அம்மா இப்படி அழுது தாயம்மா பார்த்ததே இல்லை.

"இரும்மா, தவிட்டைக் குடுத்துட்டு இட்டாந்துடறேன்!"

முறத்தைப் பார்த்தாள். ஆடு அதை நக்கிக்கொண்டிருந்தது.

வெறும் முறத்தோடு ஓடினாள். அங்கே தம்பி, மங்கம்மாவின் மடியில் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தான். தாயம்மாவைப் பார்த்து ஒருநாளாவது அப்படிச் சிரித்திருப்பானா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் யார், என் தம்பியைச் சிரிக்க வைக்க?

"குடு அத்தை, அவன் எங்க புள்ள!"

"தவிடு எங்க?"

"ஆடு துன்னுட்ச்சு." தம்பி எட்டி அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டான். தாயம்மா ஓவென்று அழுதுவிட்டாள். "அவனைக் குடுத்துடு அத்தை. வேணும்னா என்னை வச்சுக்கோ!"

பின்னாலேயே ஓடிவந்த அம்மா வாசலில் நின்றுவிட்டாள். மங்கம்மா பிள்ளையைத் தாயம்மாவின் இடுப்பில் ஏற்றிவிட்டுச் சொன்னாள்:

"உன்னைப் புதுசா இன்னாடி வச்சுக்கறது? உனக்கு முன்னே பொறந்தது ரெண்டும் தங்கலியே, எமன் கண்ணுல படாம நீயாவது தங்கணும்னு உங்கம்மா அழுதுகினே உன்னைத்தாண்டி எங்கிட்ட தவிட்டுக்கு வித்தா, இன்னும் திருப்பி வாங்கல!"