ஹம்சிகாவின் இரண்டாவது பாடம்

"சட்டம்!" என்று இராசமணியின் வாயில் வந்துவிட்டது.

நோர்வேயில், ஹொல்ம்லியா என்ற இடத்தில் ஒரு பிறந்தநாள் விழா. பக்கத்துக் கதிரைக்காரி தன் மகனின் மருத்துவப் படிப்பை மூன்றாம் முறையும் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? இராசமணியின் மகள் ஹம்சிகா பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிக்கிறாள். அதோடு சேர்த்துப் படிக்க இரண்டாவது பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவு செய்ய வேண்டும். அவள் ஆசைப்பட்டது வரலாறு. வரலாறு சபையில் எடுபடுமா?

மகள் சட்டம் படிக்கப்போகும் செய்தி, இராசமணிக்கு முன்பே அவள் குடியிருக்கும் மோர்டென்ஸ்ருட் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை கீழ்வீட்டுச் சந்திரகுமார் கடிதத்தோடு வந்து நின்றார்.

"அக்கா, பல்கனியில மிளகாய் காயப்போட்டதுக்குக் கட்டடச் சங்கம் கடிதம் போட்டிருக்கு."

"பிள்ளை இரசாயன லாப்பில நிக்கிறாள், தம்பி. வர ஏழு மணியாகும்."

வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. இராசமணியே சங்கத்துக்குப் போன் போட்டு, நோர்வேஜிய மொழியில் கால்மணி நேரம் வாதாடி, வெயில் நாட்களுக்கு அனுமதி வாங்கிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நாலு பேர் கடிதங்களோடு வந்தார்கள். இராசமணிக்குப் பயம் பிடித்துவிட்டது.

"அவள் சட்டத்தை விட்டிட்டாள். உளவியல் எடுக்கப்போறாள்" என்று ஒரே போடாகப் போட்டாள்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். புதன்கிழமை மேல்வீட்டு நிலூஜா, மாமியாரைப் பற்றிச் சொல்லி அழ வந்துவிட்டாள். இராசமணி தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்து எல்லாவற்றையும் கேட்டாள். நிலூஜா சிரித்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமை வாசலில் ஒன்பது சோடி சப்பாத்து. ஏழு மணிக்கு முன்னரே எல்லாரும் எழும்பிப் போய்விட்டார்கள்.

"அம்மா, ஊரையே நம்பவைச்சுப்போட்டியள். இப்ப நான் எதைப் படிக்கிறது?"

"சட்டமோ உளவியலோ, ஒண்டை எடு பிள்ளை. சனம் உன்னை நம்பியெல்லோ வருது!"

ஹம்சிகாவின் முகம் வாடிப்போனது. பெற்ற மனம் கேட்குமா? வெள்ளிக்கிழமை காலை, 'வரலாறே எடு, ராசாத்தி' என்று லாப்புக்குப் போன மகளுக்குச் செய்தி அனுப்பினாள். மானம் போனால் போகட்டும். அந்த நேரம் பார்த்துச் சந்திரகுமார் இன்னொரு கடிதத்தோடு மணியடித்தார்.

"தம்பி, நான் சொன்னதெல்லாம் பொய். அவள் படிக்கப்போறது வரலாறு. உங்கள் ஒருத்தருக்கும் அவளால உதவேலாது. என்னை மன்னிக்கோணும்."

சந்திரகுமார் ஆறுதலாகச் சப்பாத்தைக் கழற்றினார்.

"அவ எதையும் படிக்கட்டும், அக்கா. நாங்கள் அவ இல்லாத நேரமாப் பாத்தெல்லோ உங்களிட்ட வாறனாங்கள்."