கிரீச்சிடும் ஃபேனும் மூளைப் பன்மை விருதும்

சூலூர்ப் பக்கம் பம்ப்செட் செய்யும் ஒரு கம்பெனியில் ஜெரோம் மனிதவள மேலாளர். யாரிடமும் முகத்துக்கு நேராக 'இல்லை' என்று சொல்லி அறியாதவர். அந்த ஒரு தகுதியால்தான் மேலாளர் ஆனார் என்று சொல்வோரும் உண்டு.

முதலாளி லட்சுமணசாமி அவிநாசி ரோட்டு ஹோட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு கொள்கையையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவர் மூளையும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும். அதை மதிக்கிற கம்பெனிக்கு மூளைப் பன்மை விருது உண்டாம். அதை வாங்கிக் கொடுத்தால் ஜெனரல் மேனேஜர் ஆக்குவீர்களா என்று ஜெரோம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பாத்துக்கலாம் ஜெரோம்" என்றார் முதலாளி.

ஜெரோம் அன்றைக்கே வீட்டுக்கு மைசூர்பாக் வாங்கிப் போனார்.

கொண்டாட ஆளும் தயாராக இருந்தார். மோட்டார் சோதிக்கும் பிரிவில் இருந்த மதிவதனி, தனக்கு ஆட்டிசம் உண்டு என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்து வேலைக்கு வந்தவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தலைக்கு மேலே கிரீச்சிடும் ஃபேனை மாற்ற வேண்டும். அந்தச் சத்தத்தில் வேலை ஓடவில்லை, இப்படியே போனால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை.

"பாத்துக்கலாம் அம்மணி" என்றார் ஜெரோம்.

மறுநாள் காலை மதிவதனி வந்து நின்றார். "பாத்தீங்களா சார்?"

உடனடியாகக் குழு அமைக்கப்பட்டது. ஊதா டீஷர்ட், செல்ஃபி எடுக்க மூளை வடிவத்தில் ஓர் அட்டைச் சட்டம், உறுதிமொழி ஆகியவை ஒருமனதாக நிறைவேறின. ஃபேன் மட்டும் மின்பிரிவின் அதிகார வரம்புக்கு உட்பட்டது என்பதால் குழு அதில் தலையிட இயலவில்லை. மதிவதனி தினமும் வந்து கேட்டார்.

வேறு வழியில்லாமல் ஜெரோம் அவருக்குத் தனிப் பயிற்சி அளித்தார்.

"நம்மூர்ல பாத்துக்கலாம்னா நடக்காதுன்னு அர்த்தம் அம்மணி. மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொன்னா மனசு நோகுமில்ல?"

"அப்ப ஃபேனை மாத்த மாட்டீங்களா சார்?"

'மாட்டேன்' என்று சொல்ல ஜெரோமுக்கு நாக்கு புரளவில்லை. "அப்படியில்ல அம்மணி... பாத்துக்கலாம்."

"புரிஞ்சுது சார்."

பயிற்சி மாபெரும் வெற்றி என்று முதலாளிக்கு அறிக்கை போனது.

விருது விழாவில் மேடையேறிப் பேச வேண்டும் என்று மதிவதனியிடம் ஜெரோம் கேட்டபோது, "பாத்துக்கலாங்க சார்" என்றார் அவர். 'ங்க' எல்லாம் போட்டுப் பேசுகிறாரே என்று ஜெரோமுக்குக் கண் கலங்கிவிட்டது. மதிவதனியின் படத்தை ஆளுயர பேனரில் அடித்துக் கம்பெனி வாசலில் நிறுத்தினார்.

விழா நாளில் நடுவர்கள் வந்தார்கள். சால்வை வந்தது. மதிவதனி வரவில்லை. ஜெரோம் வியர்க்க விறுவிறுக்கப் போன் போட்டார்.

"நாந்தான் வரமாட்டேன்னு அன்னைக்கே சொல்லிப்போட்டேனுங்களே சார்? கருமத்தம்பட்டில ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ வந்திருக்கேனுங்க."

நடுவர்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. சால்வையை பேனருக்குப் போர்த்தி, விருதை முதலாளி கையில் கொடுத்து, மூளைச் சட்டத்துக்குள் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஜெரோம் முதலாளியை நெருங்கினார். "சார், அந்த ஜெனரல் மேனேஜர் விஷயம்..."

"பாத்துக்கலாம் ஜெரோம்."

தான் நடத்திய பாடம் அப்போதுதான் ஜெரோமுக்கே விளங்கியது. "ரொம்ப சந்தோஷமுங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு, ஆளில்லாத மேஜைக்கு மேலே கிரீச்சிட்டுக்கொண்டிருந்த ஃபேனைப் போய் அணைத்தார்.