பச்சோந்தியை வளர்க்கத்தான் வாங்கினேன்

மெக்னெஸ்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள துரியா அக்காவுக்கு, தங்கை பத்தூல் எழுதிக்கொண்டது. இறைவன் அருளால் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். தாஞ்சியரில் அத்தானும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். என்னைப் பற்றி உன் காதுக்கு ஏதாவது வந்திருந்தால் அதை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு முதலில் இதைப் படி.

பல்லி ஜாதியில் ஏதாவது ஒன்றை வளர்ப்பதென்று முடிவு செய்தேன், அவ்வளவுதான். பெண்கள் கல்யாணமாகிப் போன பிறகு இந்த வீட்டில் நான் பேசினால் திரும்பிப் பார்க்க ஓர் உயிர் இல்லை. பூனை என்றால் என் வீட்டுக்காரர் மிலூதுக்குத் தும்மல். "ஓணான் கீணான்னு எதாவது உள்ள வந்துச்சுன்னா நான் வெளிய போயிடுவேன்" என்றார். ஏற்கெனவே வெளியில்தானே இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டேன். நாட்டுமருந்துக் கடை வாசலில் கூண்டு கூண்டாக வைத்திருந்தான். முள்வால்காரன் பார்வைக்குக் கம்பீரம், ஆனால் என் விரலை வெள்ளரிக்காய் என்று நினைத்துக் கவ்வ வந்தான். சுவர்ப்பல்லி வாலை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போனது. முதன்முதலாக வளர்க்கப் போகிறவளுக்கு அரைப் பல்லி எதற்கு? பச்சோந்தி ஒன்றுதான் ஓர் அடி எடுத்து வைக்க ஆயிரம் யோசனை செய்தது. என் முழங்காலுக்கு இதுதான் தோது. ஒரு கண்ணால் ஈயைப் பார்த்தபடியே இன்னொரு கண்ணால் என்னைப் பார்த்தது. அந்த ஒரு கண்ணே எனக்குப் போதுமாக இருந்தது அக்கா.

"பொடிக்கா, புகைக்கா?" என்றான் கடைக்காரன்.

"வளர்க்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, லல்லா." மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினான். "கரி நல்லா கனிஞ்சப்புறம் இத அதுல போடுங்க. வெடிச்சா வீட்டுக்காரருக்கு வெளியில ஆளு இருக்கு. உருகிச்சுன்னா மனுஷன் தங்கம்."

"எங்க வீட்டுக்காரரப் பத்தி எனக்குத் தெரியும்யா. இது என்ன திங்கும், அதச் சொல்லு."

"அதுக்கெல்லாம் நேரம் வராது, லல்லா."

நான் தெருமுனை திரும்புவதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டு லல்லா கத்தூஜ் என் கையைப் பிடித்துக்கொண்டு "யாருடி அவ?" என்று கண்ணைக் கசக்கினாள். வளர்க்கத்தான் என்று கூடையைத் திறந்து காட்டினால், "பாவம், இதுக்கே விஷயம் தெரிஞ்சிருக்கு, நிறம் மாறுது பாரு" என்கிறாள். சவரக்கடையில் கேள்விப்பட்டு இவரும் வந்தார். வெளியே போகவில்லை அக்கா, உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் மத்தி மீன் வாங்கிவந்து தானே கழுவினார். வியாழன் தவறாமல் கம்பளி வாங்கக் கெனிஃப்ரா போகிறவர் இப்போது போவதே இல்லை. "கம்பளி எங்க போயிடப் போகுது" என்கிறார். இந்த வயதில் வயலில் குனிந்து பச்சோந்திக்கு வெட்டுக்கிளி பிடிக்கிறார். புதினாத் தொட்டியில் அதற்கு வெயில் படுகிறதா என்று பார்க்கிறார். நான் தேநீருக்கு அடுப்பு மூட்டினால் மட்டும் எனக்கும் தொட்டிக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கிறார்.

"விட்டுடேன், பத்தூல். பாவம், அதுக்கும் காடு கரைன்னு இருக்குல்ல."

"முடியாது. வளர்க்கத்தான் வாங்கினேன்."

"நான் ஒன்ன எதாவது கேட்டேனா?"

"நான்தான் ஒங்கள எதாவது கேட்டேனா?"

பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

ஊரே திரண்டு வந்தாலும் நான் அதைத் திருப்பிக் கொடுப்பதாக இல்லை. சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து தேநீர் குடிக்கிறோம், பச்சோந்தி குடிப்பதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது அக்கா, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இவர் மேல் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது, இருந்ததும் கிடையாது. ஒரு பச்சோந்தி மேல் இவ்வளவு அக்கறை காட்டுகிற மனுஷனை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கே கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

அத்தானுக்கு என் சலாம். பிள்ளைகளின் தலையைத் தொட்டு என் பேரால் துஆ செய்.

உன் தங்கை,
பத்தூல்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது இவர் எட்டிப் பார்த்து, கெனிஃப்ராவில் சஃபியா என்று ஒரு கம்பளிக்காரியைத் தனக்குச் சுத்தமாகத் தெரியாது என்றார். நான் எந்தப் பெயரையும் கேட்கவில்லை. மேலே எழுதியதை யாருக்கும் படித்துக் காட்டாதே. கரி வாங்கியாகிவிட்டது. பச்சோந்தியை நினைத்துக் கவலைப்படாதே, அது புதினாத் தொட்டியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.